எலாதியோ பக்கத்தில் இருக்கும்போது வராத ஆங்கிலம்

அக்டோபர் 7, செவ்வாய்

மொழிப்பள்ளியில் முதல் வகுப்பு. நாற்பத்தெட்டு வயதில் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தேன். முட்டி இடிக்கிறது.

ஆசிரியை எதுர்னே பலகையில் 'புட்' என்று எழுதினாள். வைப்பது. சரி, இது எனக்கே தெரியும். அதன் பின்னால் 'ஆஃப்' என்று ஒரு வாலை ஒட்டினாள், தள்ளிப்போடுவது ஆகிவிட்டது. அந்த வாலை அழித்துவிட்டு வேறொன்றை ஒட்டினாள், நெருப்பை அணைப்பது. இரண்டு வாலைச் சேர்த்து ஒட்டினாள், பொறுத்துக்கொள்வது. எங்கள் ஸ்பானிய மொழியில் இந்த மூன்றுக்கும் மூன்று தனித்தனிச் சொல் உண்டு, ஒன்றுக்கொன்று முகஜாடை கூடக் கிடையாது.

"எந்த வால் எதுக்குன்னு ஏதாவது விதி இருக்கா?" என்று கேட்டேன்.

"விதியெல்லாம் இல்ல காசில்தா. கேட்டுக் கேட்டுப் பழகணும்."

நான் வேதியியல் நடத்துகிறவள். விதியே இல்லாத ஒன்றுக்கு யாராவது பரீட்சை வைப்பார்களா?

ஏன் இந்த வயதில் இந்தப் பாடு என்று எழுதிவைக்கிறேன், பின்னால் அலுப்பு வரும்போது படித்துப் பார்க்க. அடுத்த செப்டம்பரிலிருந்து எங்கள் பள்ளியில் அறிவியலும் கணக்கும் ஆங்கிலத்தில் நடக்கும். சான்றிதழ் இல்லாதவர்கள் எங்கே காலியிடம் இருக்கிறதோ அங்கே போக வேண்டும். இப்போது காலியாக இருப்பது யெஸ்தே மலையில். இங்கே அல்மான்சாவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல், பாதி வழி வளைவு. வேலையில் சேர்ந்து பதினோரு வருடம் நான் அப்படித்தான் ஊர் ஊராக வாடகை அறையில் இருந்தேன். ஹினேஸுக்கு நான் வார இறுதி மனைவி. ஞாயிறு மாலை பெட்டி கட்டும்போது அவன் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருப்பான், என்னைப் பார்க்க மாட்டான். சொந்த ஊரில் இடம் கிடைத்து நாலு வருடம்தான் ஆகிறது. மறுபடி அந்தப் பெட்டியைத் தொட மாட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

பதினோரு மணி இடைவேளையில் ஆசிரியர் அறையில் நல்ல சிரிப்பு. புதிதாக வந்திருக்கும் ஆங்கில ஆசிரியை நோயேலியா, "வைஃபை வேலை செய்யலையே" என்றாள். வைஃபையாம்! இந்த நாட்டில் நாலு வயதுக் குழந்தையும் அறுபது வயதுப் பாதிரியாரும் வீஃபி என்றுதான் சொல்கிறார்கள்.

எலாதியோ விடவில்லை. அவன் கணக்கு வாத்தியார், என்னுடைய நண்பன், ஆங்கில வகுப்பில் என் பெஞ்சுக்காரன். அவனும் யெஸ்தேக்கு பயந்தவன்தான். "கேட்டீங்களா, துரைசானிக்கு வைஃபை வேணுமாம்!" என்றான். நான் காபிக் கோப்பையைச் சுண்டு விரல் நீட்டிப் பிடித்து, உதட்டைக் குவித்து, "ஓ, டியர்" என்றேன். எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். பீட்டர் விடுகிறவர்களை எங்கள் ஊருக்கு ஆகாது. நோயேலியாவும் சிரித்தாள். அப்புறம் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 11, செவ்வாய்

ஜோடிப் பயிற்சி. நானும் எலாதியோவும். எதுர்னே கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் பேசறது நீதிபதி தீர்ப்பு வாசிக்கற மாதிரி இருக்கு" என்றாள்.

அவள் சொல்வது உண்மை. எங்களுக்கு லத்தீன் வழியாக வந்த பெரிய சொற்கள் சுலபம், அவை எங்கள் மொழியிலும் இருக்கின்றன. 'டாலரேட்', 'போஸ்ட்போன்', 'எக்ஸ்டிங்குவிஷ்'. வாலில்லாத சொற்கள். ஆனால் வீட்டில் சமைக்கிற, பஸ்ஸுக்கு ஓடுகிற ஆங்கிலேயன் யாரும் அப்படிப் பேச மாட்டானாம்.

"அவங்க எப்படிப் பேசினா எனக்கென்ன? நான் என்ன அவங்க வீட்டுல பொண்ணா எடுக்கப் போறேன்?" என்றான் எலாதியோ. வகுப்பே சிரித்தது. பின் பெஞ்சில் பஸிலியோவின் சிரிப்புதான் எல்லாருக்கும் மேலே கேட்டது. மருந்துக்கடை வைத்திருக்கிறான், சும்மா ஒரு சான்றிதழை மாட்டிவைக்கலாம் என்று வருகிறான். எலாதியோவும் அவனும் தினமும் மாலையில் டோமினோ ஆடுகிற கூட்டாளிகள்.

டிசம்பர் 3, புதன்

'டேக் ஆஃப்.' விமானமும் கிளம்புகிறது, கோட்டையும் கழற்றுகிறார்கள், இரண்டுக்கும் அதே சொல். யாரிடம் போய் முறையிடுவது?

ஜனவரி 20, செவ்வாய்

கோபத்தில் எழுதுகிறேன்.

இரண்டு மாதமாகக் காரில் தனியாகப் போகும்போது ஆங்கில வானொலி போட்டு, அவர்கள் சொல்வதைப் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். கண்ணாடி ஏற்றிவிட்டால் வெட்கமில்லை. அவர்கள் மாதிரியே உதட்டை உருட்டி, மூச்சு விட்டு, வால்களையெல்லாம் அவர்கள் அழுத்துகிற இடத்தில் அழுத்தி. போன வார வீட்டுப்பாடத்தை அதே குரலில் பதிவு செய்து எதுர்னேக்கு அனுப்பினேன். அவளுக்கு மட்டும்தான் என்று நினைத்து.

இன்று வகுப்பில் அதைப் போட்டுவிட்டாள்! "இதைக் கேளுங்க, எவ்வளவு நல்லா இருக்கு" என்று. நல்ல மனதோடுதான் செய்தாள், தெரியும். ஆனால் எனக்கு நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

"யாருப்பா இது, ராணியம்மாவா?" என்றான் பஸிலியோ.

எலாதியோ எழுந்து நின்று எனக்கு முன்னால் குனிந்து வணங்கினான். "மகாராணி, ஒரு தேநீர்?"

நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? முகம் காது வரை கொதித்தது. அதற்குப் பிறகு எதுர்னே என்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் பழைய மாதிரியே எங்கள் ஊர் உச்சரிப்பில் பதில் சொன்னேன். எஸ்கூல், எஸ்டேஷன், எஸ்டூடன்ட். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நிம்மதி.

இனிமேல் பதிவும் அப்படித்தான் செய்து அனுப்புவேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஹினேஸ் முயல் வாங்கி வந்து, ரொட்டி பிய்த்துப் போட்ட எங்கள் ஊர்க் குழம்பு, கஸ்பாச்சோ செய்தான். சாப்பிட்டு முடித்து அப்படியே மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று, "எங்கே, எனக்கு ஏதாவது ஆங்கிலத்துல சொல்லிக் காட்டேன்" என்றான்.

"என்ன சொல்ல?"

"ஏதாவது. முயல் நல்லா இருந்துச்சுன்னு சொல்லு."

வாய் வரவில்லை. இருபத்திரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தவன், நான் தலை முடி கொட்டி ஜுரத்தில் கிடந்ததையெல்லாம் பார்த்தவன், அவன் முன்னால் முயல் நன்றாக இருந்தது என்று சொல்ல எனக்குக் கூச்சம். கடைசியில் அவனே எழுந்து, "நான் பால்கனிக்குப் போறேன், நீ சுவத்தைப் பார்த்துச் சொல்லு" என்று போய்விட்டான். சுவரிடம் நன்றாகச் சொன்னேன். வெளியிலிருந்து ஒரு கைதட்டல் கேட்டது.

சுலபமான வேலையை நாங்கள் 'தின்று முடித்த ரொட்டி' என்போம். அவர்கள் 'ஒரு துண்டு கேக்' என்கிறார்கள். இதை நோட்டில் எழுதிக்கொண்டபோது, இரண்டுமே எனக்குக் கிடைக்காது என்று தோன்றியது.

மே 7, வியாழன்

ஊர்த் திருவிழா நேற்றோடு முடிந்தது. துப்பாக்கி வேட்டில் காது அடைத்திருக்கிறது, பாடிப் பாடித் தொண்டை போய்விட்டது. ஒரு வால் கூடப் படிக்கவில்லை. பரீட்சைக்கு ஒரு மாதம்.

ஜூன் 9, செவ்வாய்

பேச்சுப் பரீட்சைக்கு இரண்டிரண்டு பேராக உள்ளே கூப்பிடுகிறார்கள், குடும்பப் பெயர் வரிசைப்படி. நான் தேபார். எலாதியோ தெந்தேரோ. பள்ளிக்கூடச் சம்பள வரிசையிலிருந்து ரத்த தானம் வரை நாங்கள் அடுத்தடுத்துதான். இன்றும் அப்படித்தான்.

கேட்பவர்கள் இரண்டு பேர், ஆல்பாசெத்தேயிலிருந்து வந்தவர்கள், முகம் தெரியாதவர்கள். தலைப்பு: குழந்தைகள் தனியாகப் பள்ளிக்கு நடந்து போகலாமா? நல்ல தலைப்பு. காரில் இதே விஷயத்தைப் பற்றி வாய் வலிக்கப் பேசியிருக்கிறேன்.

வாயைத் திறந்தேன். பக்கத்தில் எலாதியோவின் முழங்கை. அந்த முழங்கை சிரிப்புக்குத் தயாராக இருப்பது போல ஒரு நினைப்பு. 'எஸ்ட்ரீட்' என்று வந்தது. அப்புறம் எல்லாமே அப்படித்தான் வந்தது. அவனும் அப்படியே. வகுப்பில் படித்த வால்களில் ஒன்றைக் கூட நான் பயன்படுத்தவில்லை. நீதிபதி மாதிரியே பேசினேன்.

போதாததற்கு இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்துகொண்டே இருந்தோம். எங்கள் ஊரில் அப்படித்தான். குறுக்கே பேசாமல் இருந்தால் காது கொடுக்கவில்லை என்று நினைப்பார்கள். அந்த இரண்டு பேரும் பேனாவைப் பிடித்தபடி யார் பேசுகிறார்கள் என்று மாறி மாறிப் பார்த்தார்கள். நடுவில் எலாதியோ ஒரு ஜோக் அடித்தான், ஸ்பானிய மொழியில்! நான் சிரித்துவிட்டேன்.

வெளியே வந்து பீர் குடித்தோம். "தின்ன ரொட்டிதான்" என்றான். நானும் தலையாட்டினேன்.

ஜூன் 19, வெள்ளி

எழுத்து: தேர்ச்சி. கேட்டல்: தேர்ச்சி. பேச்சு: இல்லை. இருவருக்கும் அதேதான். செப்டம்பரில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, இந்த வருடத்துக்கு அதுதான் கடைசி.

எதுர்னே என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஜனவரியில எனக்கு அனுப்பினீங்களே ஒரு பதிவு, அந்த ஆள் எங்க போயிட்டாங்க?"

"அது காருக்குள்ள மட்டும் இருக்கறவ" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

மதியம் தூங்கி எழுந்து கூடத்துக்கு வந்தால், ஹினேஸ் தரையில் உட்கார்ந்திருக்கிறான். முன்னால் என் பழைய பெட்டி. உடைந்துபோன சக்கரத்தைக் கழற்றிவிட்டு புதிதாக ஒன்றை மாட்டிக்கொண்டிருக்கிறான்.

"என்ன பண்ற?"

"சும்மா. சக்கரம் போயிருந்துச்சு."

"நாலு வருஷமா போயிருந்துச்சு."

அவன் திருப்புளியைத் திருகிக்கொண்டே இருந்தான். நான் சத்தம் போட்டேன். என்னென்னவோ சொன்னேன் — நான் போறதுக்கு உனக்கு அவ்வளவு அவசரமா, செப்டம்பர்னு ஒண்ணு இருக்குன்னு மறந்துட்டியா, என் மேல உனக்கு அவ்வளவுதான் நம்பிக்கையா. அவன் நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. "போன தடவை அதை நீ தூக்கிட்டுத்தான் பஸ் ஏறுவ. முதுகு வலின்னு ராத்திரி பூரா சொல்லுவ போன்ல" என்றான்.

அப்புறம் இருவரும் தரையிலேயே உட்கார்ந்திருந்தோம். எனக்குப் போக விருப்பமில்லை. போகவே விருப்பமில்லை.

ஜூலை 1, புதன்

மொழிப்பள்ளிக்குப் போய் எதுர்னேயிடம் கேட்டுவிட்டேன். செப்டம்பரில் என்னை எலாதியோவோடு போட வேண்டாம், வேறு யாரோடு வேண்டுமானாலும் போடுங்கள் என்று. காரணம் கேட்கவில்லை. "சரி, பார்த்துக்கறேன்" என்றாள்.

எலாதியோவிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் ஜோக் ஆக்குவான். படி இறங்கும்போது மனசு லேசாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 13, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

வெயில் கொளுத்துகிறது. பெட்ரோல் போட நெடுஞ்சாலைப் பக்கம் போனேன். அலிகாந்தே கடற்கரைக்குப் போகிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். உள்ளேயே படுத்துச் சமைக்கிற ஒரு பழைய வீட்டு வண்டி மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு புகைந்தது. பக்கத்தில் ஒரு ஆங்கிலேயக் கிழவர், அவர் மனைவி, ஒரு குண்டு நாய். இன்னொரு ஆங்கிலேயர் அரைக்கால் சட்டையில் எனக்கு முதுகு காட்டி நின்று அவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். இழுத்துப் போகிற வண்டி வந்துகொண்டிருக்கிறது, கவலைப்படாதீர்கள், எல்லாம் சரி செய்துவிடலாம் என்று. வால்கள் எல்லாம் அதனதன் இடத்தில் விழுந்தன. என்ன அழகான ஆங்கிலம் என்று நினைத்தேன்.

அவர் திரும்பினார். எலாதியோ.

என்னைப் பார்த்ததும் அவன் வாய் பாதி வாக்கியத்தில் நின்றது. அப்புறம் மீதியைச் சொன்னான், எங்கள் வகுப்புக் குரலில், தட்டையாக, எஸ்டாப் எஸ்பீக் என்று. அந்தக் கிழவி முன்னால் குனிந்து, "என்ன சொன்னீர்கள்?" என்றாள். ஒரு நிமிடம் முன்னால் வரை அவளுக்கு எல்லாம் புரிந்துகொண்டிருந்தது. அவன் மறுபடி சொன்னான், இன்னும் மோசமாக. அவள் பயந்து கணவனைப் பார்த்தாள். அவர் முகம் வெயிலில் பீட்ரூட்டாகி இருந்தது.

நான் பார்க்காதது போலக் காருக்குத் திரும்பியிருக்கலாம். அப்படித்தான் செய்ய நினைத்தேன்.

கிழவி என்னிடம் வந்து, நாயை இழுவை வண்டியில் ஏற்ற விடுவார்களா என்று கேட்டாள். நாயைப் பற்றித்தான் கேட்டாள். எனக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது, காருக்குள் இருக்கிறவள் வெளியே வந்துவிட்டாள். விட மாட்டார்கள், ஆனால் நாயை நான் என் வண்டியில் பட்டறைக்குக் கொண்டுவருகிறேன், உங்கள் கணவரை முதலில் நிழலுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொன்னேன். முழுக் குரலில், எலாதியோ முன்னால்.

அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையைத் தூக்காமலே, தண்ணீர் வாங்கி வருகிறேன் என்றான். ஆங்கிலத்தில். முதலில் கேட்ட குரலில், அதாவது அவனுடைய உண்மையான குரலில்.

இழுவை வண்டி வரும் வரை நாலு பேரும் பேசிக்கொண்டிருந்தோம். முதலில் குளியலறைக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்ட மாதிரி இருந்தது, நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. பிறகு மறந்துவிட்டது. கிழவர் நாயைப் பற்றி ஒரு கதை சொன்னார், நாங்கள் சேர்ந்து சிரித்தோம். யாரும் யார் பேச்சிலும் புகவில்லை.

பட்டறையில் அவர்களை விட்டுவிட்டுத் திரும்பியதும் மறுபடி ஸ்பானியர்கள் ஆகிவிட்டோம்.

"என்னா வெயிலு."

"ஆமா."

"ஒரு பீர்?"

"ஹினேஸ் காத்துட்டிருப்பான்."

அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது மேசையில் உட்கார்ந்து யோசிக்கிறேன். அவனும் காருக்குள்தான் கற்றிருக்க வேண்டும். ஜனவரியில் அவன் என்னைக் குனிந்து வணங்கியது எனக்கு மறக்கவில்லை. ஆனால் அக்டோபரில் நான் காபிக் கோப்பையைச் சுண்டு விரல் நீட்டிப் பிடித்தபோது அவன் பக்கத்தில்தானே இருந்தான்? அவன் முழங்கைக்கு நான் பயந்தேன். என் நாக்குக்கு அவன் பயந்திருக்கிறான்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போனால் தேறிவிடுவோம். இது எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரிகிறது.

ஜூலை முதல் தேதி! அவனோடு வேண்டாம் என்று நானே போய்க் கேட்டு வாங்கியது.

செப்டம்பர் 1, செவ்வாய்

ஆகஸ்ட் முழுக்க மொழிப்பள்ளி பூட்டிக் கிடந்தது. இன்று திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றேன்.

"எதுர்னே, நான் கேட்டதை மாத்திடலாமா? எலாதியோவோடயே போட்டுடுங்க."

"ஐயோ, காசில்தா. ஜோடியெல்லாம் முடிவு பண்ணி ஆல்பாசெத்தேக்கு அனுப்பியாச்சு. இனிமே என் கையில இல்ல."

"அவனை யாரோட போட்டிருக்கு?"

சொல்லக் கூடாது என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். பஸிலியோவோடு. அவனும் ஜூனில் பேச்சில் தேறாதவன்.

வேறு யாராக இருந்தாலும் பரவாயில்லை. பஸிலியோ!

செப்டம்பர் 2, புதன்

எலாதியோவுக்குப் போன் செய்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான். "நாளைக்குச் சேர்ந்தே போலாம், நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சந்தோஷமாகச் சொன்னான். "அந்தக் கிழவி கிட்டப் பேசினமே, அப்படிப் பேசிடுவமா?" என்றும் கேட்டான். முதல் தடவையாக அதைப் பற்றி.

சரி என்றேன். கொஞ்சம் மழை வரும் போல இருக்கிறது என்றேன். வைத்துவிட்டேன். கோழை.

செப்டம்பர் 3, வியாழன்

நடையில் காத்திருந்தோம். கதவு திறந்தது. "காசில்தா தேபார்" என்று கூப்பிட்டார்கள். எலாதியோ பழக்கத்தில் என்னோடு எழுந்துவிட்டான். அடுத்த பெயர் கௌதேதேயிலிருந்து வந்த யாரோ ஒரு கால்நடை மருத்துவருடையது. எலாதியோ ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான்.

உள்ளே நன்றாகப் பேசினேன். அந்தப் பெண் மருத்துவரை எனக்குத் தெரியாது, அவளுக்கு என்னைத் தெரியாது. காருக்குள் இருப்பது போலவே இருந்தது.

வெளியே வந்து நடையில் நின்றேன். எலாதியோவும் பஸிலியோவும் உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் கதவைத் தாண்டி பஸிலியோவின் சிரிப்பு கேட்டது. அது எப்படிப்பட்ட பரீட்சை என்று எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

செப்டம்பர் 8, செவ்வாய்

நான் தேர்ச்சி. எலாதியோ இல்லை.

ஹினேஸ் என்னைத் தூக்கிச் சுற்றினான், இடுப்பு பிடித்துக்கொண்டது அவனுக்கு. நான் அழுதேன், அவன் சந்தோஷம் என்று நினைத்தான். சந்தோஷமும்தான். 'லெட் டவுன்' என்று ஒன்று உண்டு, நம்பி இருந்தவரைக் கைவிடுவது. அதற்கு எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதச் சொன்னபோது மார்ச்சில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

செப்டம்பர் 12, சனி

எலாதியோவுக்குத் திங்கள் முதல் யெஸ்தே.

"அவன்கிட்டப் பெட்டி இருக்கா?" என்று ஹினேஸ் கேட்டான். எலாதியோ இந்த ஊரை விட்டு எங்கேயும் போனவன் இல்லை. சக்கரம் மாற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். சட்டைகளை மளிகைப் பைகளில் அடைத்துக்கொண்டிருந்தான்.

நின்றபடியே சொல்லிவிட்டேன். "எலாதியோ, ஜோடியை மாத்தச் சொல்லிக் கேட்டது நான்தான். ஜூலையில."

"தெரியும்."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? தேபாருக்கு அடுத்தது தெந்தேரோ. நான் கணக்கு வாத்தியார், எனக்கு வரிசை தெரியாதா?" பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மறுபடி மடித்தான். "ஜூன்லயே நானும் கேக்கலாம்னு இருந்தேன். உன் பக்கத்துல உக்காந்தா எனக்கு நாக்கு எழும்ப மாட்டேங்குது. நீ முந்திக்கிட்ட."

மன்னிச்சுக்கோ என்றேன். அவன் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தான். "சக்கரம் புதுசா இருக்கே" என்றான்.

"ஹினேஸ் போட்டது."

"நல்ல மனுஷன். நீதான் ஒரு மாதிரி." கொஞ்சம் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. "சாயங்காலம் டோமினோ இல்லாம அந்த மலையில நான் என்ன பண்ணுவேன், காசில்தா?"

செப்டம்பர் 20, ஞாயிறு

மாலை போன் அடித்தது. எலாதியோ, மலைக்குப் போகிற வழியில், காருக்குள்ளிருந்து. எப்படி இருக்கிறாய் என்று கேட்டான். ஆங்கிலத்தில் கேட்டான். நான் எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன். சந்தைக்கடை, புதுத் தலைமையாசிரியர், அவன் அறைக்குள் வந்த வெளவால். ஏல்ச்சே ஊரைத் தாண்டி அணை வரும் இடத்தில் மலை போன் சிக்னலை மறைத்துவிடும், அத்தோடு முடிந்தது.

அக்டோபர் 11, ஞாயிறு

மறுபடி போன். ஒரு ஞாயிறும் தவறவில்லை. போன வாரம் மலை வெட்டிய வாக்கியத்தின் மீதியிலிருந்து தொடங்கினான். அடுத்த ஜூனுக்கு மறுபடி பதிந்திருக்கிறானாம். இன்று சமையலறைக் கதவைச் சாத்த மறந்துவிட்டேன். ஹினேஸ் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவைத்திருந்தான்.

அக்டோபர் 14, புதன்

நோயேலியாவிடம் வைஃபை கடவுச்சொல் கேட்டேன். சத்தமாக. யாரோ சிரித்தார்கள். அவள் எழுதிக் கொடுத்தாள்.

நவம்பர் 8, ஞாயிறு

இன்று கால்பந்து ஆட்டம் பார்க்க பஸிலியோ எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். நான் மறந்தே போனேன். வழக்கமான நேரத்துக்குப் போன் அடித்தது. கையில் எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் இரண்டடி வைத்தேன். ஹினேஸ் என்னைப் பார்த்தான். திரும்பி வந்து சோபாவிலேயே உட்கார்ந்தேன்.

வழக்கம் போல ஆங்கிலத்தில் பேசினேன். மழை எப்படி, பையன்கள் எப்படி, வெளவால் போய்விட்டதா.

பஸிலியோ பீரை இறக்கிவைத்தான். "அடேங்கப்பா, மகாராணி—"

"ஷ்ஷ்" என்றான் ஹினேஸ்.

அங்கே யார் என்று கேட்டான் எலாதியோ. பஸிலியோ இங்கே இருக்கிறான், போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைக்கட்டுமா என்று கேட்டேன். கார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மலை வந்துவிட்டதோ என்று பார்த்தேன், இணைப்பு இருந்தது.

"வை" என்றான்.

மேசை மேல் வைத்தேன். பெட்ரோல் நிலையத்தில் நான் கேட்ட அந்தக் குரல் எங்கள் கூடத்தில் வந்தது. மாலை வணக்கம் பஸிலியோ, இங்கே டோமினோவுக்கு ஆள் கிடைக்கவில்லை, கணக்கு டீச்சரம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன், இப்போது அவளே என்னைத் தோற்கடிக்கிறாள், உன் முதுகு எப்படி இருக்கிறது? ஒரு வால் தவறவில்லை.

பஸிலியோ போனையே பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் யாரோ கோல் போட்டார்கள், அவன் திரும்பவில்லை.

"டேய், எலாதியோவா இது?" என்றான். "பாவி, பரீட்சையில இப்படிப் பேசியிருக்கலாமேடா! நீ மொதல்ல எஸ்கூல்னு ஆரம்பிச்ச, சரி, நாம மட்டும் பீட்டர் விட்டா நல்லா இருக்காதுன்னு நானும் அப்படியே பேசினேன். என்கிட்டயும் ஒண்ணு இருக்குடா, குளியலறையில பேசறது!"

எலாதியோ சிரிக்கத் தொடங்கினான். அந்தச் சிரிப்பின் நடுவில் மலை வந்துவிட்டது.

பஸிலியோ ஆட்டம் முடிந்து போகும்போது வாசலில் நின்று, அடுத்த ஞாயிறும் இதே நேரத்துக்குத்தானா என்று கேட்டான். ஆமாம் என்றேன். பீர் அவன் கொண்டுவருவதாகச் சொன்னான்.